இருபத்திரண்டு வயர்

தசரதன், வயது நாற்பத்தேழு, வாலாஜா,
லாரி ஓட்டுகிறவர்.
மண்டையைச் சுற்றி, தாடையில், நெஞ்சில், கெண்டைக்காலில்
இருபத்திரண்டு வயர் ஒட்டி முடித்து
"இப்போ தூங்குங்க" என்கிறேன்.
இத்தனையையும் கட்டிவிட்டுத்
தூங்கச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"குடியாத்தம் தாண்டி ஒரு மேடு இருக்கு சிஸ்டர்,
அங்கே கண்ணைத் திறந்துகிட்டே
தூங்கிட்டேன் ஒருநாள்.
புளியமரம்தான் எழுப்புச்சு."
அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.
பதிவுச்சீட்டு போடும்போதே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்:
"மூச்சு நின்னுடுதும்மா. எண்ணுவேன்.
இருபது வரைக்கும் எண்ணியிருக்கேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
குறட்டை ஊருக்கே கேட்கும்.
அது நிற்கும் இடம்தான் என் வேலை.
பத்து நொடி. பதினெட்டு. முப்பத்தொன்று.
இருபதுக்குமேல் அவள் எண்ணாமல் விட்டது
பயத்தில்தான் இருக்கும்.
பிறகு மூச்சு திரும்புகிறது,
தண்ணீர் லாரி மேட்டில் கியர் மாற்றுகிற மாதிரி.

மணி இரண்டரை.
காட்பாடிப் பக்கம் ஒரு ரயில் கூவியது
மலையில் பட்டுத் திரும்புகிறது.
பகலில் வாங்கிய வெயிலைப் பாறைகள்
இந்நேரம்தான் வெளியே விடும்.
வேலூருக்கும் ராத்திரியில் மூச்சுத் திணறல்தான்,
யாரும் வயர் மாட்டிப் பார்த்ததில்லை.

மேசையில் ஆலோசனைத் தாள்
தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம்.
பொழுது சாய்ந்தபின் டீ, காபி வேண்டாம்.
படுக்கையில் செல்போன் வேண்டாம்.
தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழவும்.
நான்கு மொழியையும் நான்தான் மடித்து அடுக்கினேன்,
மூன்றாவது டீ ஆறுவதற்குள்.

காலை ஏழே கால், சத்துவாச்சாரி.
படிக்கட்டில் சற்குணம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருப்பான்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, எட்டு மணிக்குப் பஞ்ச்.
சாவி கை மாறும்.
"குழம்பு இருக்கு."
"கேஸ் புக் பண்ணணும்."
எங்கள் குடித்தனம் அவ்வளவுதான், ஏழாவது படியில்.
உள்ளே தலையணையில் அவன் சூடு ஆறியிருக்காது.
ராத்திரி அவனுக்கு, பகல் எனக்கு.
ஓய்வே இல்லாதது அந்தக் கட்டில்.

ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்கும்.
"எலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, கிலோ அம்பது"
பதிவு செய்த குரல், அதற்குத் தொண்டையே கட்டாது.
பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும்.
விழித்தால் என் கையில் செல்போன்.
தாளில் அது இரண்டாவது வரி.

அந்த ஞாயிறு எனக்கு விடுப்பு.
ஒன்பது மாதத்தில் முதல்முறை
இருவரும் ஒரே இருட்டில்.
எனக்கு இரவில் தூங்குவது மறந்துவிட்டது,
சும்மா அவன் மூச்சைக் கேட்டுக் கிடந்தேன்.
ஏறியது. இறங்கியது. ஏறியது.
நின்றது.
ஒன்று, இரண்டு என்று
அந்த வாலாஜாக்காரி மாதிரியே எண்ணினேன்.
இருபதில் நிறுத்த முடியவில்லை.

விடிந்ததும் சொன்னேன்.
"எனக்கா? படுத்தா செத்த மாதிரி தூங்குவேனே."
அதைத்தான்டா சொல்றேன், என்றேன்.

வியாழக்கிழமை, அறை எண் மூன்று.
கம்பெனியில் லீவு சொல்லிவிட்டான்.
பசை தடவினால் கூசும் என்று நெளிவான்.
ஆறு மணிக்குமேல் அவனுக்கு டீ கிடையாது.
எனக்கும் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்,
பார்ப்போம்.

ஒரு ராத்திரி முழுக்க
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் நான்.
கல்யாணமாகி இவ்வளவு நேரம்
அவனை நான் பார்த்ததே இல்லை.